பின்வரிசைப் பிள்ளை

அம்பிட்டிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி எட்மன் மாஸ்டர் வீட்டுக்கு ஏறுகிற ஏற்றம் இருக்கிறதே, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்களுக்கு அதெல்லாம் ஒரு ஏற்றமே இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கஜலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. பாதியில் யாரோ வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முன்னால் போன ரவிகுமார் திரும்பிப் பார்த்தான்.

"என்னா புள்ள, முடியலையா?"

"இல்லங்க. சும்மாதான். நீங்க நடங்க, வர்றேன்."

"கூட்டம் வர்றதுக்கு முந்தி போயிறணும். போன்ல பேசுன அந்தத் தம்பி காலையிலயே வரச் சொன்னிச்சு."

அவன் மறுபடியும் ஏறினான். சலவை செய்து மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பையில் புதிதாக வாங்கிய டச் போன். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறவன், மாஸ்டர் வீட்டில் இருக்கிற ஒரு பாட்டை வாங்கி வைப்பதற்காகவே பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை வாங்கியிருந்தான். பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வரும்போது தெல்தெனிய வரைக்கும் அதைத் தட்டித் தட்டிப் பழகினான். கஜலட்சுமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனிடம் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்த ஒரு சங்கதி அவளிடம் இருந்தது.

எட்மன் மாஸ்டரைத் தெரியாத மனிதன் கண்டிப் பக்கம் கிடையாது. சிங்களத்தில் போட்ட மெட்டைத் தமிழிலும், தமிழில் போட்டதைச் சிங்களத்திலும் பாட வைத்த மனிதர். மஹியங்கனை பஸ்காரன்கள் இன்றைக்கும் அவர் பாட்டைப் போட்டுத்தான் வளைவுகளில் வண்டியை ஒடிக்கிறார்கள். அவர் கண்ணை மூடிய பிறகு பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே வீட்டையும், வீட்டுக்குப் பின்னாலிருந்த ரெக்கோர்டிங் அறையையும் மியூசியம் ஆக்கிவிட்டார்கள். அங்கே ஒரு வழக்கம். எந்தப் பள்ளிக்கூடம் வந்தாலும், மாஸ்டர் பாடிய அதே மைக்குக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அதைப் பதிந்து வைப்பார்கள். மாஸ்டரின் கடைசி ஆசை அதுதான் என்று சொல்கிறார்கள்.

போன ஆகஸ்டில் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். ரவிகுமார் கஜலட்சுமி தம்பதியின் ஒரே மகள் தர்ஷனாவும் வந்தாள். நவம்பரில் அந்தப் பாவி மழை பெய்தது. மலை பிளந்து கீழ் லயத்து வீட்டு வரிசையைக் கொண்டுபோனபோது ரவிகுமார் கொழும்பில். கஜலட்சுமி, பிரசவத்துக்குச் சேர்த்திருந்த தங்கச்சிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில். தர்ஷனா பெரியம்மா வீட்டில். பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள், இவள், எல்லோரும் போனார்கள். மற்றவர்களின் உடல்களை எடுத்தார்கள். தர்ஷனா கிடைக்கவில்லை. பேக்கோ வந்து தோண்டியது, ஆமிக்காரர்கள் தோண்டினார்கள், பிறகு மண் மறுபடியும் நகர்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். உடுப்பு இல்லை, புத்தகம் இல்லை, போனும் மண்ணுக்குள். பள்ளிக்கூடத்துப் பதிவுக்கு எடுத்த தலை அளவு போட்டோ ஒன்றுதான் மிஞ்சியது.

"மொகம் இருக்குது லெச்சுமி, கொரல் இல்லையே" என்று ரவிகுமார் ஒருநாள் அழுதான். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற தகப்பனுக்கு மகள் என்பது பாதிக்கு மேல் போனில் கேட்ட குரல்தான். தினமும் கடை சாத்திய பிறகு பேசுவார்கள். அவளே சொல்லியிருந்தாள்: "அப்பா, நா எட்மன் மாஸ்டர் வூட்டு மைக்ல பாடுனேன்ப்பா!" அவன் அதைக் கடையில் முதலாளி வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தான். அது ஞாபகம் வந்ததும் மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். யார் யாரையோ பிடித்து நம்பர் எடுத்து மியூசியத்துக்கு கோல் பண்ணினான். இருக்கிறது, வாங்க என்றார்கள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று கஜலட்சுமிக்குத் தெரியும். அன்றைக்குச் சுற்றுலா முடிந்து வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபடியே மகள் சொன்னாள்:

"அம்மா, அப்பாகிட்ட பாடுனேன்னு சொல்லிட்டேன். ஆனா நா பாடலம்மா. பின்னால நிக்கிறவங்கள எல்லாம் டீச்சர் வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க. நா வாயத் தொறந்தா பாட்டு ரோட்ட விட்டு எறங்கிருதாம்!" சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ அப்பாகிட்ட போட்டுக் குடுத்துறாத."

கூட்டுப்பாட்டுக்கு இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறதுதான். மேடையில் கூட்டமும் தெரிய வேண்டும், சுருதியும் கெடக்கூடாது. சாரீரம் உள்ள பிள்ளைகள் முன்வரிசையில் பாடும், இல்லாத பிள்ளைகள் பின்வரிசையில் நின்று சத்தம் வராமல் வாயசைக்கும். பிரேமிளா டீச்சர் கெட்டவள் இல்லை. எல்லாப் பிள்ளையும் அந்த வீட்டைப் பார்க்கட்டும் என்று பஸ் பிடித்துக் கூட்டிவந்தவளே அவள்தான். கஜலட்சுமியும் அன்றைக்கு மகளோடு சேர்ந்து சிரித்தாள். இப்போது அதை எந்த வாயால் புருஷனிடம் சொல்வது?

அவன் ஆசைப்பட்ட வேகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. அதோடு அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பாட்டுத்தான் வராதே தவிர, தர்ஷனாவுக்குப் பேச்சு? சாமி, வாய் ஓயாது. பாட்டுத் தொடங்குவதற்கு முந்தி ஏதாவது சொல்லாமல் நின்றிருக்க மாட்டாள். முடிந்த பிறகு ஏதாவது நையாண்டி பண்ணியிருப்பாள். மைக் அதையும் கேட்டிருக்கும் இல்லையா? "தள்ளி நில்லு டி" என்ற ஒரு வார்த்தை இருந்தால் போதும். அதற்காகத்தான் அவள் அந்த ஏற்றத்தில் ஏறினாள்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ரவிகுமார் கொழும்புச் சிங்களத்தில் வாசல்காரரிடம் வந்த காரியத்தைச் சொன்னான். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, நஸீப் வரும் வரைக்கும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று உள்ளே விட்டார்.

நல்ல வீடு. சிவப்புச் சீமெந்துத் தரை முகம் தெரிகிற மாதிரி மெழுகியிருந்தது. மாஸ்டரின் ஹார்மோனியத்தைச் சுற்றிக் கயிறு. கண்ணாடி அலுமாரிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி, வெற்றிலைத் தட்டு, சவரக் கத்தி, தேய்ந்த ரப்பர் செருப்பு. அவர் கடைசியாகக் குடித்த கோப்பை என்று ஒன்று, அடியில் சாயக் கறையோடு அப்படியே. கழுவக்கூடக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள்! கட்டிலில் விரிப்பு மாற்றிப் போட்டிருந்தார்கள், ஆள் இரவைக்கு வந்து படுக்கப் போகிற மாதிரி.

கஜலட்சுமிக்கு முதலில் மரியாதைதான் வந்தது. பிறகு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. ஆண்டு அனுபவித்து, பேரன் பேத்தி கண்டு, எண்பது வயதில் செத்த மனிதனின் தேய்ந்த செருப்புக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு லைட். என் பிள்ளையின் செருப்பில் ஒற்றைக்கூட எனக்கு இல்லையே!

"லெச்சுமி, இங்க வந்து பாரேன். இந்த ஹார்மோனியத்தப் பத்தி அவ எங்கிட்ட சொல்லிருக்கா" என்றான் ரவிகுமார். "பூன படுத்திருக்கிற மாதிரி இருக்கும்ப்பான்னு சொன்னா. உண்மைதான், பாரு."

அவள் பார்க்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நஸீப் வந்து சேர்ந்தான். கெலிஓயாக்காரன். மாஸ்டரின் கடைசிக் காலத்தில் கூடவே இருந்து ரெக்கோர்டிங் பார்த்தவன், இப்போதும் அதே வேலை. தலையில் தொப்பி, கையில் சாவிக்கொத்து.

"அண்ணன், கோல் எடுத்தது நீங்கதானே? அக்கா, எழும்பி வாங்க. ஏன் படியில இரிக்கிற? அல்லாஹ், நான் அண்டைக்கே கேட்டு ஒரு மாதிரியாப் பெய்த்திட்டன். பேப்பர்ல அந்த ஊர்ப் பேரப் பாத்தவொடன, எங்கட ஸ்டூடியோவுக்கு வந்த புள்ளைகள் எண்டு ஞாபகம் வந்திச்சு. வாங்க, உள்ளுக்குப் போம்."

ஸ்டூடியோவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். சுவர் முழுக்கத் தென்னந்தும்புப் பாய் அடித்து அதன் மேல் துணி கட்டியிருந்தது. நஸீப் இரண்டாவது கதவைச் சாத்தினான். சாத்தியதும் உலகம் அப்படியே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. கஜலட்சுமி காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நவம்பரிலிருந்து அவள் காதுக்குள் ஒரு தண்ணீர்ச் சத்தம். மழை இல்லாத நாளிலும் கேட்கும், கொழுந்து எடுக்கும்போதும் கேட்கும், ஆட்கள் பேசும்போது பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும். இங்கே அது இல்லை. அப்படியே அந்தத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டால் என்ன என்று இருந்தது.

அறை நடுவில் அந்த மைக் நின்றது. ரவிகுமார் அதைத் தொடலாமா என்று கேட்டான்.

"தொடுங்க அண்ணன். ஆருக்கும் விடுறல்ல, நீங்க தொடுங்க."

அவன் தொடவில்லை. கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டான். "புள்ளைங்க எங்க நின்னாங்க தம்பி?"

"இந்தா, கீழ விரிச்சிரிக்கிற இந்தப் படங்கில. சின்னப் புள்ளைகள் முன்னுக்கு, ஒசந்த புள்ளைகள் பின்னுக்கு."

"எம் புள்ள ஒசரம். பின்னாலதான் நின்னுருப்பா" என்றான் ரவிகுமார். கஜலட்சுமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன அறையில் இரண்டு கதிரை போட்டு உட்கார வைத்தான் நஸீப். கம்ப்யூட்டரில் தேடினான். "பெரிய ஸ்பீக்கர்லயே போடுறன். நல்லாக் கேக்கும்."

பாட்டு வந்தது. மாஸ்டர் தமிழில் மெட்டுப் போட்ட குருவிப் பாட்டு. கும்பலாகப் பிள்ளைக் குரல்கள், கொஞ்சம் பயந்து, பிறகு துணிந்து, ஏறி வந்தன. ரவிகுமார் கண்ணை மூடிக்கொண்டான். கஜலட்சுமி கண்ணை மூடவில்லை. முன்வரிசைக் குரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பின்னால் தேடினாள். பிடிவாதக்காரி அல்லவா அவள்? டீச்சர் சொன்னால் கேட்டுவிடுவாளா? எங்கேயாவது ஓரிடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டாளா? சுருதி கெட்ட ஒரு குரல், ரோட்டை விட்டு இறங்குகிற ஒரு குரல் வராதா என்று அந்தத் தாய் காத்துக்கொண்டிருந்தாள். பாட்டு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று.

இரண்டாவது சரணத்தில் ஒரு குரல் மட்டும் மற்றவற்றை விட்டு மேலே எழும்பியது. சுத்தமான குரல். ரவிகுமார் கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

"இந்தா! நிப்பாட்டுங்க தம்பி, திருப்பிப் போடுங்க. இதுதான்! லெச்சுமி, இதுதான் நம்ம புள்ள!"

நஸீப் திருப்பிப் போட்டான். மறுபடியும் அந்தக் குரல் எழும்பியது.

"ஆயிரம் பேருக்குள்ள எனக்குத் தெரியும். தெனமும் கேட்ட கொரலு இல்லையா? எப்பிடிப் பாடுறா பாத்தியா? எங்கிட்ட ஒரு நாளும் பாடிக் காட்டுனதில்லையே, கள்ளி!" அவன் அழுதான், சிரித்தான், முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். "கேட்டியா புள்ள? ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

கஜலட்சுமிக்கும் அந்தக் குரல் தெரியும். நன்றாகத் தெரியும். பிழைத்த குடும்பங்களையெல்லாம் மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவில் போட்டிருந்தார்கள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்த ஒரே பெரிய அறையைச் சேலை கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். இவர்கள் சேலைக்கு அடுத்த பக்கம் ஞானேஸ்வரியின் குடும்பம். அவள் மகள் டிலுக்‌ஷி. இது டிலுக்‌ஷியின் குரல்.

"ம்" என்றாள் கஜலட்சுமி.

பிறகு நஸீப் பக்கம் திரும்பினாள். "தம்பி, பாட்டுக்கு முந்தி புள்ளைங்க பேசிக்கிட்டு நின்னுருப்பாங்கதானே. முடிஞ்ச பொறவும் பேசியிருப்பாங்க. அது இருக்குமா?"

"அது என்னாத்துக்கு? பாட்டுத்தான் இருக்கே" என்றான் ரவிகுமார்.

"இருக்கட்டுங்க, கேக்குறேன்."

நஸீப் தலையை ஆட்டினான். "அது வெக்கிறல்ல அக்கா. பதியிற நேரம் எல்லாம் பதியும். பொறகு முன்னுக்கும் பின்னுக்கும் வெட்டித்தான் வெக்கிற. இருமல், சிரிப்பு, கால் தட்டுற சத்தம், ஒண்டும் விடுறல்ல. மாஸ்டர் அப்பிடித்தான் எனக்குப் படிச்சுத் தந்த. பாட்டு மட்டும் நிண்டாப் போதும் எண்டு செல்லுவார்."

"வெட்டுனதெல்லாம் எங்க தம்பி போகும்?"

"எங்கயும் போறல்ல அக்கா. அழிஞ்சு போற."

அவள் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு இந்தப் புள்ளைங்க ரொம்பப் பேசுனாங்களா?"

"பேசினதா?" நஸீப் சிரித்துவிட்டான். "பின்னுக்கு நிண்ட ஒரு புள்ள என்னமோ செல்லிச் செல்லிச் சிரிக்க வெச்சிட்டே ஈந்திச்சு. அந்தப் புள்ளையால ரெண்டு மூணு தரம் திருப்பி எடுத்த. டீச்சரும் சேந்து சிரிச்சிட்டாங்க. நானும்தான்."

"என்னா சொன்னா? அந்தப் புள்ள என்னா சொன்னிச்சு தம்பி?"

அவள் கேட்ட விதத்தில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நெற்றியைத் தடவி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஞாபகம் வருதில்ல அக்கா. எத்தினையோ ஸ்கூல் வார. நல்ல பகிடியா என்னமோ செல்லிச்சு. அது மட்டும்தான் தெரியும்."

ஒரு மனிதனை இதற்காகக் கோபிக்க முடியுமா? அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். கஜலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். மகளின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து ரவிகுமார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். நஸீப் பாட்டை அவன் போனுக்கு அனுப்பிவிட்டு, சரியாக வருகிறதா என்று ஒரு தடவை போட்டுக் காட்டினான். பிளேன்டி போட்டுத் தந்தான். போகும்போது கேட் வரைக்கும் கூடவே வந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரவிகுமார் போனைக் காதோடு ஒட்டியே வைத்திருந்தான். பல்லேகல தாண்டுமுன் பக்கத்து சீட்டு சிங்களக்காரருக்கும் கேட்க வைத்துவிட்டான். அவர் நல்ல மனிதர். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அவன் தோளில் கையை வைத்தார். காலையில் சுட்டுக் கொண்டுபோன ரொட்டியும் கட்டைச் சம்பலும் பையிலேயே கிடந்தன. திகன தாண்டியதும் அவன் அதை எடுத்துத் தின்றான். நவம்பருக்குப் பிறகு அவன் ருசித்துத் தின்று அவள் பார்த்தது அன்றைக்குத்தான். சொல்வதா வேண்டாமா என்று அரித்த மனதை அந்த ரொட்டியைத் தின்ற வாய் அடக்கிவிட்டது. தின்னட்டும், ஒரு நாளைக்காவது தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். ரவிகுமார் நடுவில் நின்று போனை உயரப் பிடித்துக்கொண்டான். ஆட்கள் சேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பாட்டுத் தொடங்கியதும் டிலுக்‌ஷியின் முகம் மலர்ந்தது. "ஐ, இது நாங்க..." என்று வாயெடுத்தாள்.

"ரெண்டாவதுல வரும் பாருங்க" என்றான் ரவிகுமார். "மேல ஏறி ஒரு கொரல் வரும். அதுதான் எம் புள்ள."

அந்தக் குரல் வந்தது. அந்தக் குரலைத் தினமும் காலையில் முகம் கழுவும்போதும், உடுப்புத் துவைக்கும்போதும் கேட்கிறவர்கள் அவர்கள்; கொழும்பிலேயே கிடக்கிற ரவிகுமார்தான் கேட்டதில்லை. ஞானேஸ்வரி மகளின் கையை அழுத்திப் பிடித்தாள். பிள்ளைக்கு வலித்திருக்கும், கண் கலங்கிவிட்டது. முதலில் பேசியவர் வயசாளி அழகமுத்து.

"ஆமாப்பா. தர்ஷனாவேதான். அப்பிடியே இருக்குது."

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆமா தம்பி. ஆமா அண்ணே. நம்ம தர்ஷனாதான். பொய் சொல்லத் தெரியாத சனம் இல்லை. ஆனால் இவ்வளவு பேரும் ஒன்றாக, பேசி வைக்காமல் சொன்னதை கஜலட்சுமி அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்கு அவர்கள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, எல்லோரையும் வெளியே விரட்ட வேண்டும் போலவும் இருந்தது.

ரவிகுமாருக்கு இன்னும் லீவு இருந்தது. அவன் கொழும்புக்குப் போகும் வரைக்கும் காலையில் அந்தப் பாட்டு, சாப்பிடும்போது அந்தப் பாட்டு, படுக்கும்போது அந்தப் பாட்டு. கஜலட்சுமி பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்கு ஏறினால் மட்டும்தான் அது காதில் விழாது. அங்கேயும் ஞானேஸ்வரி அடுத்த நிரையில் இருந்தாள்.

"அக்கா, அண்ணே போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு புள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் ஞானேஸ்வரி, கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்டபடி. "நேத்துத் தெரியாம மொணங்கிட்டா. பட்டுனு வாயிலயே ஒண்ணு போட்டேன்."

"ஏன் ஞானம் அடிச்ச?"

"பின்ன என்னாக்கா செய்றது? அண்ணே மொகத்தப் பாத்தா பாவமா இருக்குது. எங்களுக்குப் புள்ள இருக்கா. ஒங்களுக்கு அந்தப் பாட்டாச்சும் இருந்துட்டுப் போவட்டும்."

மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தண்ணீர்ப் பீலியடியில் கஜலட்சுமி டிலுக்‌ஷியைக் கண்டாள். சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, பிள்ளை பாடிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது, கழுத்து நரம்பு எழும்பி எழும்பித் தாழ்ந்தது. இவளைக் கண்டதும் உதட்டை மடித்துக்கொண்டு திருடியவள் மாதிரி எழுந்து நின்றாள்.

அன்றைக்குத்தான் கஜலட்சுமிக்குப் பொறுக்க முடியாமல் போனது.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. மலையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மழை என்றால் இப்போது யாரும் படுக்க மாட்டார்கள், பையைக் கட்டி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ரவிகுமார் போனை மடியில் வைத்துப் பாட்டைப் போட்டான்.

"அத நிப்பாட்டுங்க" என்றாள் கஜலட்சுமி.

"ஏன் புள்ள?"

"நிப்பாட்டுங்கன்னா நிப்பாட்டுங்க."

எழுந்துபோய்ச் சேலைத் திரையை ஒரே இழுப்பாக இழுத்து ஒதுக்கினாள். அந்தப் பக்கம் டிலுக்‌ஷி தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"டிலுக்‌ஷி, இங்க வாடி கண்ணு. அந்தக் குருவிப் பாட்டப் பாடு."

"அக்கா, வேணாம்!" ஞானேஸ்வரி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஒங்களுக்குப் பைத்தியமா?"

"பாடட்டும் ஞானம். உசுரோட இருக்கிற புள்ள வாயையும் நம்ம பொத்தி வைக்கணுமா? நீ பாடும்மா. யாரும் அடிக்க மாட்டாங்க. அந்த ரெண்டாவது சரணத்தப் பாடு."

பிள்ளை தாயைப் பார்த்தாள், அழகமுத்துக் கிழவரைப் பார்த்தாள். யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் கஜலட்சுமியையே பார்த்துக்கொண்டு பாடினாள். முதலில் குரல் உடைந்தது, பிறகு சுதாரித்துக்கொண்டு மேலே எழும்பியது. தகரத்தில் மழை அடிக்கிற அந்த இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது.

ரவிகுமார் கையிலிருந்த போனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். அவள் பாடி முடிக்கும் வரைக்கும் அசையவில்லை. முடிந்த பிறகு, "நல்லாப் பாடுற கண்ணு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற குரல் அது.

"தர்ஷனா எங்க நின்னா?"

"பின்னால மாமா. எனக்கு நேரா பின்னால."

"பாடுனாளா?"

டிலுக்‌ஷி கஜலட்சுமியைப் பார்த்தாள். "சொல்லும்மா" என்றாள் கஜலட்சுமி.

"இல்ல மாமா. டீச்சர் வாய மட்டும்தான் அசைக்கச் சொன்னாங்க. அவ எங்களச் சிரிக்க வச்சிக்கிட்டே இருந்தா."

"என்னா சொல்லிச் சிரிக்க வச்சா?" என்று குறுக்கே கேட்டாள் கஜலட்சுமி. நஸீப் மறந்ததை இவளாவது வைத்திருப்பாள் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு உயிர் வந்தது.

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "தெரியல மாமி. எப்பவும் எதாச்சும் சொல்லுவாதானே" என்றாள். பிறகு அழத் தொடங்கிவிட்டாள். ஞானேஸ்வரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். திரையை மறுபடியும் யாரோ இழுத்துவிட்டார்கள்.

ரவிகுமார் கையிலிருந்த போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான். கத்துவான், கையை ஓங்குவான் என்று கஜலட்சுமி எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நா பைத்தியக்காரனாட்டம் பஸ்ஸுல எல்லாம் போட்டுக் காட்டுனேன்."

"மன்னிச்சுக்கங்க. நீங்க ரொட்டி தின்னீங்க. அதப் பாத்துட்டுச் சொல்ல மனசு வரல."

அவன் தலையை ஆட்டினான். அவனுக்குக் கோபம் அதில் இல்லை. முகம் வேறு எதற்கோ பயந்த மாதிரி இருந்தது. அவள் பக்கம் நகர்ந்து வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி தணிந்து பேசினான்.

"நாலு வருசமா தெனமும் போன்ல கேட்ட கொரலு லெச்சுமி. அது எதுன்னு தெரியாம இன்னொரு புள்ளயோடத எடுத்து வச்சிக்கிட்டேனே. எனக்கு அவ கொரலு மறந்துபோச்சு. உண்மையாவே மறந்துபோச்சு. எப்பிடி இருக்கும்? நீ சொல்லு. என்னய அப்பான்னு கூப்புட்டா எப்பிடி இருக்கும்?"

கஜலட்சுமி சொல்ல வாயெடுத்தாள். பெற்று வளர்த்தவள், பதின்மூன்று வருஷம் ஓயாத வாயைக் கேட்டவள், அவளுக்கா தெரியாது? கண்ணை மூடிக்கொண்டாள். மகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுவது தெரிந்தது. சிரிக்கிற முகம் தெரிந்தது. "அம்மா" என்று வாயைத் திறந்தாள். டிலுக்‌ஷியின் குரல் வந்தது.

இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். மறுபடியும் டிலுக்‌ஷியின் குரல்தான் வந்தது.

"சொல்லு லெச்சுமி" என்றான் ரவிகுமார்.